காட் மீன் யாருக்குச் சொந்தம்? பங்குக் கணக்கும் மொத்தக் கணக்கும்



சின்ன வயதில் ஸ்காட்ஸ் இமல்ஷன் குடித்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்போம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி விழுங்குவோமே, அதேதான். அந்தப் புட்டியில் ஒருவர் தன் உயரத்துக்குச் சமமான ஒரு பெரிய மீனை முதுகில் சுமந்து நிற்பார். அந்த மீன்தான் காட் மீன். வட அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த நீரில் வாழ்வது. அதன் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயைத்தான் அம்மா நமக்குக் கொடுத்தார்.

இந்த ஒரு மீனுக்காக நாடுகள் போர்க்கப்பல் அனுப்பியிருக்கின்றன. தூதரக உறவை முறித்திருக்கின்றன. ஒரு மாநிலத்தில் ஏறக்குறைய 30,000 பேர் ஒரே அறிவிப்பில் வேலை இழந்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே கேள்வி: இந்த மீனில் எந்த நாட்டுக்கு எத்தனை விழுக்காடு?

நம் மாணவர்களுக்கு விழுக்காடு தெரியும். வட்டக் குறிவரைவைக் கொடுத்தால் யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த வட்டமே சுருங்குகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. காட் மீனின் வரலாறு அந்தக் கேள்வியைக் கேட்காமல் போனதால் வந்த விளைவைக் காட்டும் வரலாறு.

கருவாடாகி ஊர் சுற்றிய மீன்

காட் மீனின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு. கொழுப்பெல்லாம் ஈரலில்தான் சேரும். அதனால் இந்த மீனைக் காய வைத்தாலும் உப்புப் போட்டு உலர்த்தினாலும் நீண்ட நாள் கெடாது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்? நார்வேக்காரர்கள் உப்பே இல்லாமல் குளிர்காற்றில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். பாஸ்க் மக்கள் உப்புப் போட்டுப் பதப்படுத்தினார்கள். கத்தோலிக்க நாடுகளில் நோன்பு நாள்களில் இறைச்சி கூடாது, மீன் சாப்பிடலாம். ஆகவே இந்தக் கருவாட்டுக்கு ஐரோப்பா முழுதும் பெரிய சந்தை இருந்தது.

1497இல் ஜான் காபட் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, இன்று கனடாவின் பகுதியாக இருக்கும் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் போய்ச் சேர்ந்தார். வலை கூட வேண்டாம், கூடையை இறக்கினாலே மீன் ஏறும் என்ற செய்தி ஐரோப்பாவில் பரவியது. அதற்குப் பிறகு போர்த்துகல், பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து என நான்கு நாட்டுப் படகுகளும் அந்தக் கடலுக்குப் படையெடுத்தன. இந்த வணிகத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. தரம் குறைந்த கருவாட்டைக் கரீபியத் தீவுகளுக்கு அனுப்பி, அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்தவர்களுக்கு உணவாகப் போட்டார்கள். ஜமைக்காவின் தேசிய உணவில் இன்றும் உப்பிட்ட மீன் இருக்கிறதென்றால், அதன் வேர் இங்கேதான்.

கிட்டத்தட்ட 450 ஆண்டுகள் இப்படியே ஓடின. தூண்டிலும் சிறு படகும் எவ்வளவு பிடிக்க முடியும்? பிடித்ததைக் கடல் ஈடு செய்துகொண்டது. பங்குச் சண்டை வந்தாலும் மொத்தத்துக்கு ஆபத்து வரவில்லை.

கப்பல் பெரிதானது

1954இல் பிரிட்டனின் 'ஃபேர்ட்ரை' என்ற கப்பல் கடலில் இறங்கியது. அது மீன்பிடிக் கப்பல் மட்டுமல்ல, மிதக்கும் தொழிற்சாலை. கடலிலேயே மீனைப் பிடித்து, அறுத்து, உறைய வைக்கும். பிடித்த மீன் கெட்டுப்போகும் என்று அவசரமாகக் கரைக்குத் திரும்ப வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் சோவியத் ஒன்றியம், ஜெர்மனி, போலந்து, ஸ்பெயின், போர்த்துகல் எனப் பல நாடுகளும் இதே வகைக் கப்பல்களோடு வந்தன.

விளைவு? நியூஃபவுண்ட்லாந்துக்கு வடகிழக்கே கிடைக்கும் காட் மீனின் பிடிப்பு 1968இல் ஏறக்குறைய 810,000 டன்னைத் தொட்டது. அதில் பெரும்பகுதியை எடுத்துப் போனவை வெளிநாட்டுக் கப்பல்கள். கரையில் சிறு படகு வைத்திருந்த உள்ளூர் மீனவருக்குக் கிடைத்தது மிச்சம். பத்தே ஆண்டில், 1978வாக்கில், பிடிப்பு 140,000 டன் அளவுக்குச் சரிந்தது. எல்லா நாடுகளும் சேர்ந்த ஓர் ஆணையம் 1970களில் நாட்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு செய்யத் தொடங்கியது உண்மைதான். ஆனால் ஒதுக்கிய அளவைப் பிடிக்கக்கூடக் கடலில் மீன் இல்லாத நிலை வந்துவிட்டது.

ஐஸ்லாந்து: துப்பாக்கியை விடக் கத்தரி பலமானது

இதே காலத்தில் அட்லாண்டிக்கின் இன்னொரு பக்கம் ஐஸ்லாந்து வேறு வழியை எடுத்தது. 1944இல் குடியரசான குட்டி நாடு. நிலையான இராணுவம் கிடையாது. ஏற்றுமதி என்றால் மீன், மீன், மீன்தான். தன் கரைக்கு அருகே பிரிட்டிஷ் இழுவைக் கப்பல்கள் வந்து மீனை அள்ளிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அதனால் முடியவில்லை.

1952இல் தன் மீன்பிடி எல்லையை 4 கடல் மைலாக ஆக்கியது. 1958இல் 12 மைல். 1972இல் 50 மைல். 1975இல் 200 மைல். 1958, 1972, 1975 ஆகிய மூன்று முறையும் பிரிட்டனோடு மோதல் வந்தது. இவற்றைத்தான் வரலாற்றில் 'காட் போர்கள்' என்கிறார்கள். பிரிட்டன் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்திடம் இருந்தது சில கடலோரக் காவல் கப்பல்களும் ஒரு புதிய கருவியும் மட்டுமே. இழுவைக் கப்பல் பின்னால் இழுத்துச் செல்லும் வலையின் எஃகு வடத்தை அறுத்துவிடும் கருவி அது. 1972 செப்டம்பரில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். வடம் அறுந்தால் வலையும் போச்சு, மீனும் போச்சு. சுடாமலே எதிரியை நட்டப்படுத்தும் வழி இது.

1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து பிரிட்டனோடு தூதரக உறவை முறித்தது. இரண்டும் நேட்டோ கூட்டணியின் உறுப்பு நாடுகள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக்கில் அமெரிக்காவின் முக்கியமான தளம் இருந்தது. அந்தத் தளத்துக்கே ஆபத்து வரலாம் என்ற அச்சம்தான் கடைசியில் பிரிட்டனை இறங்கி வரச் செய்தது. 1976 ஜூனில் உடன்பாடு ஏற்பட்டது. ஒரே நேரத்தில் 24 பிரிட்டிஷ் கப்பல்கள் மட்டும், அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும் என்று முடிவானது. ஹல், கிரிம்ஸ்பி, ஃப்ளீட்வுட் ஆகிய துறைமுக ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்தார்கள். ஐஸ்லாந்துக்கு வெற்றி என்றால் அந்த ஊர்களுக்கு அது இழவு. வரலாறு எழுதும்போது இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும்.

200 கடல் மைல்: நம் பக்கத்துக் கைகளும் இதில் உண்டு

200 மைல் என்ற எண்ணம் ஐஸ்லாந்தில் பிறந்ததல்ல. 1947இலேயே சிலியும் பெருவும் அப்படி உரிமை கோரின. ஆளுக்கொரு எல்லை அறிவித்துக்கொண்டே போனால் எங்கே போய் முடியும்? அதற்காக ஐக்கிய நாடுகள் சபை 1973இல் கடல் சட்டத்துக்கான மூன்றாவது மாநாட்டைத் தொடங்கியது. அதன் தலைவராக இருந்தவர் இலங்கையின் ஹாமில்டன் ஷேர்லி அமரசிங்க. 1980 இறுதியில் அவர் காலமானதும், அந்தப் பொறுப்பை ஏற்று மாநாட்டை நிறைவுக்குக் கொண்டுவந்தவர் சிங்கப்பூரின் டாமி கோ. 1982 டிசம்பர் 10ஆம் நாள் ஜமைக்காவின் மான்டேகோ பே நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1994இல் நடைமுறைக்கு வந்தது.

கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள மீன்வளம் அந்தந்தக் கடலோர நாட்டின் பொறுப்பு என்பது இதன் ஒரு முக்கிய விதி. இதைத் தனிப்பொருளாதார மண்டலம் என்கிறோம். மலேசியா 1980இல் அதை அறிவித்தது, 1984இல் சட்டமாக்கியது. பலர் கவனிக்காத ஒன்று இங்கே உண்டு. இந்த ஒப்பந்தம் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்து, மீன்வளம் அழியாமல் காக்கும் கடமையையும் அதே நாட்டின் தலையில் வைத்தது.

நியூஃபவுண்ட்லாந்து: பங்கு வந்தது, மீன் போனது

1977 ஜனவரி 1ஆம் நாள் கனடா 200 மைல் எல்லையை நடைமுறைப்படுத்தியது. வெளிநாட்டுக் கப்பல்கள் பெரும்பாலும் வெளியேறின. இனி எல்லாம் நமக்கே என்று மகிழ்ச்சி. அரசு உதவியோடு புதிய கப்பல்கள், புதிய பதனிடும் ஆலைகள் வந்தன. அந்நியர் செய்த வேலையை இப்போது சொந்த நாட்டுக் கப்பல்களே செய்யத் தொடங்கின.

இதில் ஒரு கணக்குத் தவறு ஒளிந்திருந்தது. கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று மதிப்பிட, பெரிய கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்ற கணக்கையும் நம்பினார்கள். ஆனால் காட் மீன் கூட்டமாகச் சேரும் இயல்புடையது. எண்ணிக்கை குறைந்தாலும் மிச்சமிருப்பவை ஓரிடத்தில் கூடும். ஒலி அலைக் கருவி வைத்திருக்கும் கப்பல் நேராக அங்கே போய் வலையை நிரப்பிக்கொள்ளும். வலை நிறைகிறது, ஆகவே கடலில் மீன் நிறைய இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். இது எப்படி என்றால், மண்டபத்தில் பந்தி நடக்கும் மேசையை மட்டும் பார்த்துவிட்டு ஊரே வந்திருக்கிறது என்று சொல்வது போல.

கரையோரச் சிறு படகு மீனவர்கள் 1980களிலேயே சொன்னார்கள்: மீன் குறைகிறது, வருவதும் சின்னதாக வருகிறது என்று. அவர்கள் பேச்சு எடுபடவில்லை. 1989இல் ஆய்வாளர்களே தங்கள் பழைய மதிப்பீடு மிகையானது என்று உணர்ந்து, பிடிப்பை 125,000 டன்னாகக் குறைக்க வழி சொன்னார்கள். அரசு வைத்த அளவோ 235,000 டன். ஏன்? ஒரேயடியாகக் குறைத்தால் ஆலைகள் மூடும், வேலை போகும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மூன்றே ஆண்டில் அதைவிடப் பல மடங்கு வேலை போனது. எல்லைக்கு வெளியே பிடித்த வெளிநாட்டுக் கப்பல்களும், அந்த ஆண்டுகளில் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்ததும் சேர்ந்துகொண்டன.

1992 ஜூலை 2ஆம் நாள் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி தடையை அறிவித்தார். அவரும் நியூஃபவுண்ட்லாந்துக்காரர்தான். இரண்டு ஆண்டுக்கு என்று சொன்ன தடை 2024 வரை நீண்டது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அதுவரையிலான கனடாவின் வரலாற்றில் ஒரே நேரத்தில் நடந்த வேலை இழப்புகளில் அதுவே பெரிது. அந்த மாநிலத்தின் மக்கள்தொகை 1991இல் சுமார் 568,000. 2001இல் சுமார் 513,000. பத்து ஆண்டில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு மக்கள் இல்லை. இளையவர்கள் வேலை தேடி வேறு மாநிலங்களுக்குப் போனார்கள். கடலோரச் சிற்றூர்களில் முதியவர்கள் மட்டும் தங்கினார்கள்.

2024இல் தடை நீங்கியபோது வைத்த மொத்த அளவு 18,000 டன். அதில் கனடாவின் பங்கு 95 விழுக்காடு. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 18,000இல் 95 விழுக்காடு 17,100 டன். 1968இன் 810,000 டன்னில் வெறும் 10 விழுக்காடு எடுத்தாலும் 81,000 டன். அந்த 810,000 டன் பிடிப்பே அளவுக்கு மீறியதுதான், அது வேறு விஷயம். ஆனாலும் மாணவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். பங்காளிச் சண்டையில் வென்றாயிற்று, முதலுக்கே மோசம் வந்துவிட்டது.

வென்ற ஐஸ்லாந்தும் பகை மறந்த பாரென்ட்ஸ் கடலும்

அப்படியானால் 200 மைல் எல்லையே தவறா? இல்லை. ஐஸ்லாந்தும் வென்ற கையோடு தன் கப்பல்களைப் பெருக்கி அதிகம் பிடிக்கத்தான் செய்தது. ஆனால் 1984இல் காட் மீனுக்குக் கப்பல்வாரியாக ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. 1990களின் நடுவில், கணக்கிடப்பட்ட மீன்வளத்தில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று விதி செய்தது. மீன் பிழைத்தது. ஆனால் ஒதுக்கீட்டை விற்கலாம், வாங்கலாம் என்றானபோது அது பெரிய நிறுவனங்களின் கையில் சேர்ந்தது. சில சிற்றூர்களுக்குத் தங்கள் முன்னே இருக்கும் கடலிலேயே பங்கு இல்லாமல் போனது. நாட்டுக்குள் நடக்கும் பங்கீடும் ஒரு பங்கீடுதானே?

இன்னொரு காட்டு பாரென்ட்ஸ் கடல். ஒரு பக்கம் நேட்டோ நாடான நார்வே, மறுபக்கம் சோவியத் ஒன்றியம். பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1970களில் இரண்டும் கூட்டு மீன்வள ஆணையம் அமைத்தன. ஒவ்வோர் ஆண்டும் முதலில் மொத்தம் எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். மூன்றாம் நாடுகளுக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வார்கள். வரிசையைக் கவனியுங்கள்: மொத்தம் முதலில், பங்கு பிறகு. 1980களின் இறுதியில் மீன் குறைந்தபோது அளவைக் கடுமையாக வெட்டினார்கள். மீன் திரும்பியது. 2013இல் அளவு 1,000,000 டன்னைத் தொட்டது.

இதையும் தேவலோகக் கதையாகச் சொல்லிவிடக் கூடாது. 2025க்கு வைத்த அளவு 340,000 டன் மட்டுமே. மறுபடியும் இறங்குமுகம். உக்ரேன் போருக்குப் பிறகு இரு நாட்டு உறவும் கசந்துவிட்டது. ஆனாலும் அந்த ஆணையம் தொடர்ந்து கூடுகிறது. ஒருவர் எழுந்து போய்விட்டால் மற்றவரின் பாதியும் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும்.

பிடிப்பவர் வேறு, சாப்பிடுபவர் வேறு

இன்று அட்லாண்டிக் காட் மீனை அதிகம் பிடிக்கும் நாடுகள் நார்வே, ரஷ்யா, ஐஸ்லாந்து. பிரிட்டனும் போர்த்துகலும் அந்தப் பட்டியலில் கீழே இறங்கிவிட்டன. ஆனால் பிரிட்டனின் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் நிற்கவில்லை. போர்த்துகலின் கிறிஸ்துமஸ் விருந்தில் இன்றும் காட் கருவாடு உண்டு. முன்பு தாங்களே பிடித்ததை இப்போது பெரும்பாலும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆகவே சந்தைப் பங்கு என்று ஒரு கேள்வி வந்தால், பிடிப்பதில் பங்கா, விற்பதில் பங்கா, உண்பதில் பங்கா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் வேறு வேறு வட்டங்கள்.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

குறிவரைவை விளக்கும்போதும் விவாதக் கட்டுரை எழுதும்போதும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகட்டும். ஒன்று, இந்த விழுக்காடு எதன் விழுக்காடு? இரண்டு, அந்த மொத்தம் கூடுகிறதா, குறைகிறதா? மூன்று, பங்கு பெற்ற நாட்டுக்குள் அது யாருக்குப் போய்ச் சேர்கிறது? இந்த மூன்றையும் எழுதும் மாணவனின் விடை மனப்பாடம் போல இருக்காது.

சிந்தனைக் கேள்விகள்:

1. காட் போர்களில் ஐஸ்லாந்தின் செயல் நியாயமானதா? கிரிம்ஸ்பி மீனவர் ஒருவரின் பார்வையையும் சேர்த்து எழுதுக.
2. 1989இல் நீங்கள் கனடா அரசில் இருந்திருந்தால் 125,000 டன், 235,000 டன் ஆகிய இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? வேலை இழப்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?
3. உரிமையும் கடமையும் சேர்ந்தே வரும் என்பதை 1982 ஒப்பந்தத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குக.

இரண்டாம் கேள்வியை வகுப்பில் இரண்டு குழுவாகப் பிரித்து விவாதிக்க விட்டால் நன்றாக இருக்கும். 235,000 என்று சொல்லும் குழுவை உடனே தவறு என்று வெட்டிவிட வேண்டாம். அன்று அந்த முடிவை எடுத்தவர்களும் ஊர் நலனை நினைத்துத்தான் எடுத்தார்கள். அது எப்படி ஊருக்கே கேடாக முடிந்தது என்பதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.